ஷாக்குக்குள் சுரங்க கிரீஸ்

அகிலாவின் வலது கை வைஸில் மாட்டியிருந்தது.

பட்டறை மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வைஸ்தான். சைக்கிள் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் நான்கு விரல்கள். கைப்பிடியை ராஜேந்திரன் நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. கத்தி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. உதட்டைக் கடித்ததில் தாடை வரை ரத்தம் வழிந்திருந்தது.

"இன்னொரு சுத்து சுத்துனா எலும்பு பேசும்," என்றான் அவன். "சொல்லுடி. எங்க அண்ணன் புள்ள வண்டியில எதத் தடவி அனுப்புன?"

நான் கருப்பசாமி. துப்பறியும் தமயந்தி மேடத்தின் உதவியாளன். யோசிப்பது அவர் துறை, அடி வாங்குவது என் துறை. அகிலாவின் அலறல் கேட்டுப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் போன் செய்ய, ஓடிவந்த அன்றைக்கும் முறைப்படி நான்தான் முதலில் உள்ளே நுழைந்தேன். "ஏய், விடுய்யா!" என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் யாரோ என் வயிற்றில் ஒரு உதை விட்டான். காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

மேடம் எனக்குப் பின்னால் வந்தார். ஐம்பது வயது, காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மேஜையில் கிடந்த ஸ்பானரை எடுத்தார். ராஜேந்திரனின் முழங்கையில் நரம்பு ஓடுகிற இடம் பார்த்து ஒரே ஒரு தட்டு. அவன் கை துவண்டு தொங்கியது. மேடம் கைப்பிடியை மறுபக்கம் திருகினார். அகிலா அப்படியே தரையில் சரிந்தாள்.

"யாராவது கிட்ட வந்தா அடுத்த தட்டு மூக்குல," என்றார் மேடம். "ஸ்பானர் எனக்குப் புதுசு. குறி தப்பி கண்ணுல பட்டாலும் படும்."

இருபது பேர் இருப்பார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து இரண்டு லோடு வேனில் ஏறி வந்திருந்தார்கள். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு மலைச் சைக்கிள்களின் முன் ஷாக்குகளைச் சர்வீஸ் செய்கிறவள் அகிலா. பாலிடெக்னிக் படித்தவள், பந்தய சைக்கிள் ஓட்டியவள். அந்தச் சின்னக் கொட்டகைக்குள் இருபது பேரின் கோபம் கொள்ளாமல் வாசல் வரை வழிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ராஜேந்திரனின் அண்ணன் மகன் சுபாஷ், மலைச் சைக்கிள் பைத்தியம். டவுன்ஷிப்பை விட்டுப் போன ஒரு இன்ஜினியர் மகனிடம் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் ஏறி ஏறிக் குதிப்பான். நேற்று மேட்டடியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். முதலில் பார்த்தவன் ராஜேந்திரன். ஷாக் முழுக்கக் கருப்பு கிரீஸ் அடைத்திருந்தது. போன வாரம் அதைச் சர்வீஸ் செய்தவள் அகிலா. ஷாக் இறுகிப்போய் வண்டி அவனைத் தலைகுப்புற வீசிவிட்டது என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. போலீஸ் விபத்து என்று சொல்லிவிட்டுப் பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருந்தது. ஊர் காத்திருக்கவில்லை.

கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின் மேல் சுபாஷின் அம்மா கஸ்தூரியம்மாள் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வைஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு ராஜேந்திரன் பயம் போய்விட்டது. இந்தம்மாவைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்று தோன்றியது.

"நீ யாருன்னு எனக்குத் தெரியாது," என்றார் அவர் மேடத்திடம். "எம் புள்ளய அள்ளிக்கினு போயி ஐஸ்ல வெச்சிருக்காங்க. எந்தக் கையி அவன் வண்டியத் தொட்டுதோ அந்தக் கையி இனிமே எதையும் தொடக் கூடாது. நீ வந்த வழியே போம்மா."

"போறேன்மா. அதுக்கு முன்னாடி வண்டிய ஒருதடவை பாத்துக்கறேன். இவதான்னு அந்த வண்டி சொன்னா, நானே இவ கையப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"மேடம்!" என்றேன் நான்.

"நீ சும்மா இரு கருப்பு."

கஸ்தூரியம்மாள் தலையை அசைத்தார். ராஜேந்திரன் முழங்கையைத் தடவிக்கொண்டே, சாட்சிக்காகத் தூக்கி வந்து மூலையில் போட்டிருந்த சைக்கிளை இழுத்து நடுவில் நிறுத்தினான். முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தடித்த கால்கள். அவற்றுக்குள் இறங்கி ஏறும் இரண்டு பளபளக் குழாய்கள். மேட்டிலிருந்து குதித்தால் குழாய் உள்ளே இறங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதுதான் முன் ஷாக்.

"நீ என்ன போட்ட, அகிலா?"

அகிலா விரல்களை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். குரல் நடுங்கியது, சொன்ன விஷயம் நடுங்கவில்லை. "மேல டேம்பர்ல, அதான் வேகத்தை அடக்கற பாகத்துல, தண்ணி மாதிரி லேசான ஆயில் மேடம். கால் அடியில கொஞ்சம் கெட்டியானது, ரெண்டு ஸ்பூன், அவ்வளவுதான். குழாய் உரசறதுக்கு அது போதும். வாய்ல இருக்கற ரப்பர் சீலுக்கு அந்த வெள்ளை கிரீஸ். விரல் நுனியால தொட்டு, ரப்பர் மினுங்கற அளவுக்கு. மைன்ஸ் கிரீஸ் இந்தக் கொட்டகைக்குள்ளயே வராது. அது பெரிய பேரிங்குக்கு ஆனது. இதுக்குள்ள போட்டா ரப்பர் ஊதிடும், ஷாக் செத்துடும்."

"அப்ப இது இன்னா, கண்மையா?" ராஜேந்திரன் குழாயின் அடியில் வழிந்திருந்த கருப்பு கிரீஸை விரலால் வழித்து அவள் கன்னத்தில் பூசினான். "ஓசில கெடைக்குதுன்னு மைன்ஸ் கிரீஸ அடைச்சிட்டு, சீமை ஆயில் கணக்குல பில்லு போட்டிருக்கா!"

கூட்டம் ஆமோதித்தது. ஆமோதிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊரில் கேட் கீல் முதல் கிரைண்டர் வரை எல்லாவற்றிலும் அந்தக் கருப்பு கிரீஸ்தான். வேலைக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவின் மூடியில் கொஞ்சம் வழித்து வருவது பாவக் கணக்கிலேயே சேராது. எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டால் அப்பா அதைத்தான் தேடுவார், முழங்கால் கிறீச்சிட்டாலும் அதைத்தான் தேடுவார்.

மேடம் கைப்பிடியில் முழு எடையையும் போட்டு அழுத்தினார். ஷாக் இறங்கவில்லை. என்னை ஏறச் சொன்னார். தினமும் நாலு இட்லி தின்கிற உடம்பு ஏறியும் அது ஒரு விரலளவுகூட அசையவில்லை.

"இந்த ரப்பர் வளையம் எதுக்கு?" பளபளக் குழாயில் மோதிரம் போல மாட்டியிருந்த ஒன்றை மேடம் காட்டினார். குழாயின் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது அது.

"ஷாக் எவ்வளவு ஆழம் வேலை செஞ்சுதுன்னு பாக்க. கிளம்பறப்ப கீழ தள்ளி வெச்சுட்டுப் போவாங்க. குதிச்சு இறங்கறப்ப சீல் அதை மேல தள்ளும். தள்ளின இடத்துலயே நிக்கும்."

"அப்படின்னா கடைசியா குதிச்சப்ப இந்த ஷாக் அடி வரைக்கும் இறங்கியிருக்கு. நானும் கருப்பும் ஏறி மிதிச்சும் அசையாத ஷாக், அப்ப எப்படி இறங்குச்சு?"

"கையால மேல தள்ளிருப்பா!" என்றான் ராஜேந்திரன்.

"இருக்கலாம்." மேடம் புடவைத் தலைப்பால் வழிந்திருந்த கிரீஸை மெல்லத் துடைத்தார். கிரீஸ் சுத்தமாக இருந்தது. அதற்கு அடியில் மண்மேட்டின் செம்மண் தூசி அப்பியிருந்தது. "தூசி அடியில இருக்கு, கிரீஸ் மேல இருக்கு. கிரீஸோட மேட்டுல ஓட்டியிருந்தா தூசி மேல வந்து ஒட்டியிருக்கணும். அம்மா, உங்க பையன் குதிச்சப்ப ஷாக் நல்லா இருந்தது. கிரீஸ் அப்புறம் வந்தது."

 அந்த நேரம் பார்த்து நான் குனிந்து காலின் அடிப்பகுதியைப் பார்த்தேன். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட். வலது போல்ட்டின் தலையிலிருந்து காலின் விளிம்பு வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்திருந்தது. மைன்ஸ் ஃபிட்டர் மகனான எனக்கு அது என்னவென்று தெரியாதா? மைன்ஸில் போல்ட்டை முறுக்கியதும் மார்க்கரால் ஒரு கோடு போடுவார்கள். போல்ட் பிற்பாடு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நான் வாயைத் திறந்தேன். மேடத்தின் ஷூ என் கால் விரல்களின் மேல் ஏறி நின்றது.

"அய்யோ!" என்று மட்டும் சொன்னேன்.

"செத்தவன் வண்டிக்கு எவன் வந்து கிரீஸ் அடிப்பான்? இவ கத சொல்றா, அண்ணி!" என்று கத்தினான் ராஜேந்திரன்.

கஸ்தூரியம்மாள் எழுந்தார். "வளையமும் தூசியும் எனக்குப் புரியல. எம் புள்ள போனது மட்டுந்தான் புரியுது. வேற ஆளு செஞ்சான்னா அந்த ஆளக் கொண்டாந்து எதுக்க நிறுத்து. பொழுது சாயற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருப்பன். ஆளு வரலன்னா இவ கையி எனக்கு."

மேடம் என் காதருகில், "ஒரு நிமிஷம் கலாட்டா பண்ணு," என்றார்.

கலாட்டா பண்ணுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அடி வாங்குவதுதான். கூட்டத்தில் இருப்பதிலேயே பெரிய மீசையைத் தேர்ந்தெடுத்து, "ஒட்டு மீசையா அண்ணே?" என்று கேட்டேன். பிறகு நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்று ரசித்த அந்த நேரத்தில், அகிலா இடது கையால் அந்த போல்ட்டைக் கழற்றி மேடத்தின் பர்ஸுக்குள் போட்டுவிட்டாள்.

*

"கிரீஸை அடைச்சவன் கிரீஸ் கன்னோட, அந்தக் கைப்பம்போட வந்திருக்கான்," என்றார் மேடம். நான் அவருடைய மொபெட்டின் பின்சீட்டில், வீங்கிய கண்ணோடு. "போல்ட்டைக் கழட்டி அந்த ஓட்டையில கன்னை வெச்சு அடிச்சிருக்கான். மேல வாய் வழியா வழியற வரைக்கும் அடிச்சிருக்கான். ஏன்?"

"மைன்ஸ்ல அப்படித்தான் அடிப்பாங்க மேடம். பழைய கிரீஸ் வெளிய வந்து புதுசு தலை காட்டற வரைக்கும் நிறுத்தக் கூடாது. எங்கப்பா வீட்டு ஃபேனுக்கே அப்படி அடிச்சவரு. கொஞ்ச நாள் எங்க சோத்துலகூட கிரீஸ் இருந்துச்சு."

"அகிலாவுக்கு ரெண்டு ஸ்பூன் போதும். இவனுக்குக் கால் முழுக்க நிறையணும். அப்புறம் கை தன்னால மார்க்கரை எடுத்துக் கோடு போட்டிருக்கு. செத்தப்புறம் பழியை அகிலா மேல திருப்பினவன்தான் கொன்னவன். கொலை பண்ணினவனுக்கு எவ்வளவு பொறுப்பு பாரு."

மேட்டுக்குச் சுரங்க மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்தவரின் யார்டு கம்மாபுரம் போகிற ரோட்டில் இருந்தது. சூப்பர்வைசர் அறிவுச்செல்வன் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் டிபன் டப்பா மூடியில் மேடம் போல்ட்டை வைத்தார். ஊறுகாய் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரையேறியது.

"உங்க ஆளுங்க கோடுதானே?"

"ஆமாங்க. எங்ககிட்ட செக்‌ஷனுக்கு ஒரு கலருங்க. போல்ட் லூசாச்சுன்னா யார் கழுத்தப் புடிக்கிறதுன்னு தெரியணுமில்ல? மஞ்சள்னா மேட்டுப் பக்கத்து பெல்ட்டு. சிலம்பரசன்."

"டூட்டியில இருக்கானா?"

"டெய்லி அட்டெண்டன்ஸ் டோக்கன் விழுதுங்க. இன்னிக்கு மட்டும் வரல." சொல்லும்போது அவர் சாதத்தைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் செல்போனை எடுத்துவிட்டார். மேடம் அதைக் கவனித்தார்.

சிலம்பரசன் வீட்டில் இல்லை. வயல் நடுவே மோட்டார் கொட்டகையில் பதுங்கியிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் காட்டினார். நான் மோட்டார் கொட்டகையின் கதவைத் தள்ளினேன்.

உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக, கனமாக ஏதோ ஒன்று வந்து என் வாயில் இறங்கியது. செங்கல் என்று நினைத்தேன். கீழே விழுந்தேன். நாக்கில் உப்பாக ரத்தமும் கடினமாக என் பல்லும் தட்டுப்பட்டன. எழுவதற்குள் இன்னொன்று காதில் விழுந்தது. அவன் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, இடது கையில் அரிவாளை ஓங்கினான்.

"என்னையும் கொல்ல வந்தீங்களாடா? அகிலாக்காகிட்ட நாந்தான் சுபாஷ இட்டுக்கினு போனன். அதுக்கு என்ன வெட்டுவீங்களா? வாங்கடா!"

மேடம் வரப்பில் கிடந்த ரப்பர் ஹோஸை எடுத்து அவன் மணிக்கட்டில் விளாசினார். அரிவாள் வாய்க்காலில் போய் விழுந்தது. அடுத்த விளாசல் முதுகில். அவன் சுருண்டு விழுந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"கருப்பு, உன் பல்லை எதால உடைச்சான்?"

"செங்கல்லு மேடம். இல்ல, உலக்கை."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். சிலம்பரசனின் வலது கை முழங்கைக்கு மேலிருந்து விரல் வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. அதில் என் பல் பதிந்த தடம் அழகாக இருந்தது.

மேடம் சிரித்தார். பல் போனவன் எதிரில் அப்படிச் சிரிப்பது நியாயமே இல்லை. "கிரீஸ் கன் அடிக்க எத்தனை கை வேணும்?"

எனக்கு வலி மறந்துபோனது. ஒரு கை கிரீஸ் கன்னின் மூக்கை ஓட்டையில் அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை லீவரை அடிக்க வேண்டும். இவனால் ஒரு போல்ட்டைக்கூட உருப்படியாக முறுக்க முடியாது. மஞ்சள் கோட்டைத் துரத்திக்கொண்டு வந்தோம், கோட்டுக்குச் சொந்தக்காரன் கையே இல்லாமல் இருக்கிறான்.

"எப்ப உடைஞ்சுது?" என்றார் மேடம்.

"போன மாசம். பெல்ட்டுல மாட்டிக்கிச்சுங்க. வெளிய சொன்னா காண்ட்ராக்ட் போயிடும்னு சூப்பரைசர் அமுக்கிட்டாரு. எம் பேர்லயே டோக்கன் போட்டுக்கினு வேற ஆளு வேல செய்றாரு. கூலியில பாதி வூட்டுக்கு வந்துடும். எங்க பக்கம் எல்லாரும் இப்பிடித்தாங்க."

"உன் மார்க்கரும் கன்னும்?"

"டோக்கனோட போயிடும். கலரு ஆளுக்கில்லீங்களே, எடத்துக்குத்தான."

"அந்த எடத்துல இப்ப யாரு?"

அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அழுகை நின்றுவிட்டது.

"ராஜேந்திரன் அண்ணன்," என்றான்.

மேடம் ஏற்கனவே மொபெட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அறிவுச்செல்வன் யாருக்குப் போன் போட்டார் என்று எனக்கும் புரிந்தது. அகிலாவை நாங்கள் விட்டுவிட்டு வந்தது அந்த ஆளின் காவலில்.

*

மூன்று பேராக மொபெட்டில் திரும்பியபோது கொட்டகையிலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருந்தது.

கூட்டம் முன்வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டு, "மாட்டிக்குவோம்னு அவளே கொளுத்திக்கினா அண்ணி! உள்ள தாப்பாப் போட்டுக்கினா!" என்று ஓலமிட்டான். அவன் வேட்டியில் பெட்ரோல் வாடை வீசியது. கதவில் தாழ்ப்பாள் இல்லை, வெளியே சங்கிலிதான் சுற்றியிருந்தது. இருபது பேரில் ஒருவனுக்கும் அது கண்ணில் படவில்லையா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மீசைக்காரனைப் பிடித்துத் தள்ளினேன்.

முன்கதவில் தீ பிடித்திருந்ததால் பின்பக்கம் ஓடினோம். சுவர் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் தகடு. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. நான் தோளால் மோதினேன், தோள்தான் நொந்தது. சிலம்பரசன் என்னை விலக்கிவிட்டு மாவுக்கட்டை இரண்டு முறை ஓங்கி இறக்கினான். தகடு நொறுங்கியது. கட்டும் நொறுங்கியது. உள்ளே எலும்பு மறுபடி என்ன ஆனதோ, அவன் அலறிய அலறலில் முன்வாசல் கூட்டமே பின்பக்கம் திரண்டு வந்துவிட்டது. நான் தலையை உள்ளே விட்டு, கையில் கிடைத்த தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அகிலா வந்தாள். அவளுடைய ஆயில் பாட்டில்கள் எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வெடித்தன.

"செத்துட்டாளா?" என்றார் கஸ்தூரியம்மாள்.

"சாகல. உங்க ஆளு அதுக்குத்தான் முயற்சி பண்ணான்," என்றார் மேடம். பர்ஸிலிருந்து போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்க பையன் வண்டியில இருந்தது. கிரீஸ் அடிச்சவன் இதைக் கழட்டி, அடிச்சு முடிச்சு, திரும்ப முறுக்கியிருக்கான். முறுக்கின கையோட பழக்கதோஷத்துல கோடு போட்டிருக்கான். உங்க ஊரு ஆம்பளைங்க பாதி பேரு மைன்ஸுக்குப் போறவங்க. அது என்ன கோடுன்னு கேளுங்க."

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் பத்துப் பேராவது கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "மஞ்சளு, மேட்டு பெல்ட்டு," என்று மீசைக்காரன்தான் முதலில் முனகினான்.

"சிலம்பரசன் கோடு அது!" என்று பாய்ந்தான் ராஜேந்திரன். "இவந்தான்! கூட்டாளி கூட்டாளின்னு திரிஞ்சிக்கினு கழுத்தறுத்துட்டான்! இவன வெட்டுங்கடா!"

"வெட்டலாம்," என்றார் மேடம். "ஆனா இவன் கை ஒடைஞ்சு ஒரு மாசம் ஆச்சே. இவன் பேர்ல டோக்கன் போட்டுக்கிட்டு, இவன் மார்க்கரையும் கன்னையும் தூக்கிக்கிட்டு மேட்டு பெல்ட்டுக்கு யாரு போயிட்டு வர்றாங்கன்னு ராஜேந்திரனையே கேளுங்களேன்."

எல்லோரும் சிலம்பரசனைப் பார்த்தார்கள். உடைந்த மாவுக்கட்டின் துண்டுகள் நூலில் தொங்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லோரும் ராஜேந்திரனைப் பார்த்தார்கள்.

அவன் வேன் பக்கம் பாய்ந்தான். வேன் டயர் மாற்றுகிற இரும்புக் கம்பியை எடுத்தான். நேராக மேடத்தின் தலையைக் குறிவைத்து வீசினான். நடுவில் நான் இருந்தேன். எப்போதுமே நான்தான் இருப்பேன். கம்பி என் தோளில் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அவன் மறுபடி ஓங்கினான். மேடம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் கண்ணில் வீசினார். கண் தெரியாமல் கம்பியைச் சுழற்றினான். ஒருவன் நெற்றி கிழிந்தது, இன்னொருவன் கன்னம் பிளந்தது. நான் கிடந்தபடியே அவன் காலைக் கட்டிப் பிடித்துக் கெண்டைக்காலில் கடித்தேன். மிச்சமிருந்த பற்களை வைத்துத்தான். அவன் குப்புற விழுந்தான். நாலு பேர் மேலே விழுந்து, அடித்து, உதைத்து, இரண்டு கையையும் முறுக்கித் தூக்கி நிறுத்தினார்கள். மூக்கிலிருந்து ரத்தம் சட்டை வரை ஒழுகியது. அப்போதும் அவன் திமிறினான்.

கஸ்தூரியம்மாள் அவன் எதிரில் வந்து நின்றார். "எம் புள்ள எப்பிடிச் செத்தான்?"

"எறங்குனதும் சிரிச்சிக்கினே வந்தான்." ராஜேந்திரன் ரத்தத்தைத் துப்பினான். "'எப்பிடிக் குதிச்சன் பாத்தியா சித்தப்பா'ன்னான். பதினெட்டு வருசமா காண்ட்ராக்ட்டுல நாயா பேயா அலையறன் அண்ணி. இப்ப அதுவும் இல்லாம இன்னொருத்தன் பேர்ல டோக்கன் போட்டுக்கினு திருடனாட்டம் உள்ள போறன். மைன்ஸுக்குக் குடுத்த நெலத்துல என் பங்கும் இருக்குதில்ல? அதுக்கு வந்த ஒரே ஒரு பர்மனென்ட் வேல அவனுக்கு. மண்ணுல குதிக்கிறவனுக்கு! அதத்தான் கேட்டன். அதுக்கும் சிரிச்சான். 'வூட்டுக்குப் போயி பேசிக்கலாம் சித்தப்பா, உனக்கு ஒரு சேதி இருக்குது'ன்னு வண்டி பக்கம் திரும்பினான். கையில கிரீஸ் கன் இருந்துது. அடிச்சிட்டன்."

யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். மீசைக்காரன் செருப்பைக் கழற்றினான். கஸ்தூரியம்மாள் கையை உயர்த்தினார், அவன் நின்றுவிட்டான்.

அவர் முதலில் அகிலாவிடம் போனார். புகையில் கறுத்து, கன்னத்தில் இன்னும் கிரீஸோடு இருமிக்கொண்டிருந்தவளின் முன்னால் உட்கார்ந்தார். நசுங்கிய விரல்களைத் தொடப் போய், தொடத் தைரியம் வராமல் தம் கையை இழுத்துக்கொண்டார். "இந்தக் கையத்தான் கேட்டன்," என்றார். "உங்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாயி இல்ல தாயி."

அகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அளவுக்காவது கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

கஸ்தூரியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜேந்திரனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அது இன்னா சேதின்னு கேட்டியாடா? 'எனக்கு அந்த வேல வேணாம்மா. நான் அகிலாக்காகிட்டத் தொழிலு கத்துக்கினு கடை வெக்கப்போறன். பர்மனென்ட்டு சித்தப்பா பேருக்குக் குடுத்துடு, அவரு பாவம்'னான். நாந்தான் உடனே சொல்ல வேணாம், ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லுவம்னு அவன் வாய அடைச்சி வெச்சன். நேத்துதாண்டா அந்த நல்ல நாளு."

   ராஜேந்திரன் ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரும், இப்போது அவன் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.